நேவி ப்ளூ என்று நான் அடித்துச் சொன்ன கரை

தென்காசி
ஆடி 12

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், அதேபோல அங்கே பெர்கனில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் ஆளும் சௌக்கியமாக இருக்க உலகம்மன் துணையிருப்பாள். தினமும் வீடியோவில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோமே, இவர் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் பொய் சொல்லிவிடுகிறேன் அம்மா. முப்பத்து நாலு வருடம் போலீஸில் இருந்தவனுக்குத் தெரியும், வாயால் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொல்லலாம், எழுதிக் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். அதனால் இதை என் வாக்குமூலம் என்றே வைத்துக்கொள். உன் அம்மா அனுப்பும் பார்சலில் சுண்டை வற்றலுக்கும் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் நடுவில் வைக்கிறேன், எண்ணெய்க் கறை இருந்தால் அது அவள் குற்றம். வரி மேலும் கீழும் ஏறி இறங்கினால் அது என் குற்றம், அதற்கான காரணமும் இதிலேயே வருகிறது.

இங்கே சாரல் விடாமல் அடிக்கிறது. துவைத்த துணி மூன்று நாளாகக் காயாமல் நாற்காலி முதுகிலும் கதவு மேலும் தொங்குகிறது, வீட்டுக்குள் நடக்கவே குனிந்து போக வேண்டியிருக்கிறது. மெயினருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்து இரண்டு நாள் குளிக்கத் தடை போட்டு, நேற்றுத்தான் எடுத்தார்களாம். ஐந்தருவியில் ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்து கொட்டுகிறதாம். இந்த ‘ஆம்’களைக் கவனி, நான் போகவில்லை. இந்த சீசனில் ஒரு நாள்கூட நான் தலை நனைக்கவில்லை, பிறந்ததிலிருந்து இப்படி ஒரு ஆடி மாதம் எனக்கு வாய்த்ததில்லை. உன் அம்மா மட்டும் பக்கத்து வீட்டு ரெபேக்காள் டீச்சரோடு மூன்று தடவை போய்க் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையை என் முன்னாலேயே நின்று துவட்டுகிறாள். வேண்டுமென்றே செய்கிறாள்.

போன வாரம் நீ ஒரு போட்டோ அனுப்பியிருந்தாய், மாப்பிள்ளையின் பழைய சட்டைகளைப் பிரித்து நீயே ஒரு ஒட்டுப் போர்வை தைக்க ஆரம்பித்திருக்கிறாய், உங்க ரூல்ஸ் எல்லாம் எழுதி அனுப்புங்கப்பா என்று கேட்டிருந்தாய். ரிட்டயர் ஆகி ஏழு வருடத்தில் இருபத்திரண்டு போர்வை தைத்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன், கேட்டுக்கொள். எந்தத் துணி வந்தாலும் ஒரு நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊற வை. சாயம் விடுகிற துணி பார்க்க நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும், உன் அம்மாவின் சிவப்புப் பாவாடைத் துணியை நம்பி நான் அப்படியே வைத்துத் தைத்து, முதல் துவைப்பிலேயே போர்வை முழுக்க ரோஸ் ஆனது உனக்கு ஞாபகம் இருக்கும். கத்தரியை நான் அதிகம் தொடுவதில்லை. ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து டர்ரென்று கிழித்துவிடுவேன், பருத்தித் துணி தன் நூல் போகும் வழியில்தான் கிழியும், அதைவிட நேர்கோடு எந்த ஸ்கேலும் போடாது. அந்தச் சத்தம் வீட்டில் வேறு யாருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். டெரிகாட்டன் அப்படிக் கிழியாது, அதனால் அதற்கு என்னிடம் இடமில்லை.

காகிதத்தில் படம் வரைந்து அளவு போட்டுத் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது ஆகாது. நான் துண்டுகளைக் கட்டிலில் பரப்பிவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பேன், எது முந்திக்கொண்டு கண்ணில் குத்துகிறதோ அதை எடுத்து ஓரத்துக்கு அனுப்புவேன். இது முடிய மூன்று நாள் ஆகும், அதுவரை கட்டில் என் கஸ்டடியில், உன் அம்மா பாயில். ஒரு மத்தியானம் அவள் கோபத்தில் அதன் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டாள், எழுந்தபோது துண்டெல்லாம் இடம் மாறிக் கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வைத்ததைவிட நன்றாக இருந்தது. அப்படியே தைத்துவிட்டேன், அவளிடம் இன்று வரை சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. ஒரே சட்டையின் இரண்டு துண்டு பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது. ஒவ்வொரு போர்வையிலும் எனக்குப் பிடிக்காத துணி ஒன்று கட்டாயம் வைப்பேன், எல்லாமே அழகாக இருந்தால் எதுவுமே தெரியாமல் போய்விடும். காக்கி மட்டும் கிடையாது, தூங்கும்போதுமா டியூட்டி பார்ப்பது? மிச்சத் துண்டுகளைப் பெட்டியில் போடுவதில்தான் எனக்கும் அவளுக்கும் ஓயாத வழக்கு. அவள் நிறம் வாரியாகப் பிரிக்கணும் என்பாள், நான் ஆள் வாரியாகப் பிரிப்பேன், உன் துணி ஒரு பெட்டி, அவள் துணி ஒரு பெட்டி, பஜாரில் நம் டெய்லர் பரீது பாய் கடையில் அள்ளி வருகிற வெட்டுத்துணி ஒரு பெட்டி. நிறம்தான் கண்ணுக்கே தெரியுமே, அதற்கு எதற்குத் தனிப் பெட்டி என்பது என் கட்சி. எவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்கிறேன் பார்.

துண்டுகளை இணைப்பது மிஷினில். நடுவில் பழைய வேட்டி இரண்டு, அடியில் நைந்துபோன நூல் சேலை, இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல் மட்டும் கெட்டி நூலில் கையால்தான் போடுவேன், மிஷினில் போட்டால் போர்வை விறைத்துக்கொண்டு நிற்கும். கோணல் போனால் பிரிக்க உட்காராதே, ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியாத தப்பு தப்பே இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் குனிந்து உட்காராதே, கால் வீங்குகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம், தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள். பிள்ளைக்குத் தைக்கும்போது மட்டும் என் சட்டம் கடுமையானது. முடிச்செல்லாம் உள்ளே போக வேண்டும், பட்டன் கூடாது, ஜரிகை கூடாது, கறுப்பு கூடவே கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் உன் அம்மா போட்டது, நானும் மறுவார்த்தை பேசாமல் காப்பாற்றி வந்தேன், புதுப் பிள்ளை மேல் யாராவது கறுப்புத் துணி போர்த்துவார்களா? இப்போது வாக்குமூலத்துக்கு வருகிறேன். உன் பிள்ளைக்கு நான் தைத்து அனுப்பிய போர்வையில் நாலு பக்கமும் சாண் அகலத்துக்கு ஒரு கரை வைத்திருக்கிறேன் அல்லவா, அது நேவி ப்ளூ இல்லை. கறுப்பு. சுத்தக் கறுப்பு.

வைகாசியில் அந்தப் பார்சல் கைக்கு வந்ததும் நீ எங்கள் எல்லோரையும் வீடியோவில் வரவழைத்துப் பிரித்துக் காட்டினாய். ராயகிரியிலிருந்து உன் மாமியார் முப்பிடாதி மதினியும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததுமே, “அண்ணாச்சி, கரை கறுப்பால்லா தெரியுது” என்றார். நான் சிரித்தேன். “மதினி, அது நேவி ப்ளூ, உங்க போன் பழசு, கலரைச் சரியா காட்டாது” என்று அடித்துச் சொன்னேன், சொல்லிவிட்டு மாப்பிள்ளையிடம் அம்மாவுக்கு ஒரு நல்ல போன் எடுத்துக் கொடுங்கள் என்று சிபாரிசு வேறு செய்தேன். அந்த மதினி என்ன செய்தார் தெரியுமா? நீ அனுப்பிய போட்டோவைப் பக்கத்து வீட்டுக்காரி போனில் பார்த்தாராம், கறுப்பு. எதிர்வீட்டு வாத்தியார் போனில் பார்த்தாராம், அதிலும் கறுப்பு. போலீஸ்காரர் இவ்வளவு உறுதியாகச் சொல்லுகிறாரே, கோளாறு நம் கண்ணில்தான் போலிருக்கிறது என்று பயந்துபோய்ச் சிவகிரியில் நடந்த கண் முகாமில் போய் வரிசையில் நின்றிருக்கிறார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஆனி முதல் வாரம் ஒரு காலையில் பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பியைக் குடித்து முடிக்கும் வரை ஊர்க்கதை பேசினார். அப்புறம் பையிலிருந்து இரண்டு ரவிக்கைத் துணியை எடுத்து மேசையில் வைத்து, “அண்ணாச்சி, இதுல எது நீலம், எது கறுப்பு? சொல்லுங்க பாப்போம்” என்றார். எத்தனையோ பேரை நிறுத்தி அடையாள அணிவகுப்பு பார்த்த என்னையே நிறுத்திவிட்டார். நான் இரண்டையும் ஜன்னலுக்குக் கொண்டுபோனேன், வாசலுக்குக் கொண்டுபோனேன், சாரலில் கொஞ்சம் நனைத்துக்கூடப் பார்த்துவிட்டு வந்து, “ரெண்டும் நேவி ப்ளூதான் மதினி, ஒண்ணு கொஞ்சம் புதுசு” என்று தீர்ப்புச் சொன்னேன். உன் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழுதுவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்ணில் புரை விழுகிறது என்று எனக்கு ஒன்றரை வருடமாகவே சந்தேகம். முதலில் டியூப்லைட் மங்கல் என்று சொல்லி மாற்றினேன், அப்புறம் ஹாலில் மூன்று பல்பு மாற்றினேன், அப்புறம் கரண்டு ஆபீஸில் போய் எங்கள் தெருவுக்கு வோல்ட்டேஜ் குறைவு என்று மனு எழுதிக் கொடுத்தேன், பாவம் ஒரு லைன்மேன் வந்து போஸ்ட்டில் ஏறி இறங்கிவிட்டுப் போனார். வேட்டியெல்லாம் மஞ்சளடிக்கிறது என்று உன் அம்மாவைத் திட்டித் திட்டி நாலு வகை சோப்பு மாற்ற வைத்தேன். தினமும் காலையில் நான் தைக்க உட்காரும்போது பத்து ஊசியில் நூல் கோத்துத் தயாராகக் குத்தி வைத்திருக்கும். யார் கோத்தது என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்பாய். பயம்தான். கத்தியோடு வந்தவனை வெறுங்கையால் பிடித்த கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன், ஆனால் கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று நினைத்து ஆஸ்பத்திரி இருக்கும் தெருப்பக்கமே நான் போகவில்லை. ஒருவேளை சரியாகாமல் போய்விட்டால் உன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாதே, முதலில் பெர்கன் போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். உன்னிடம் சொன்னால் நீங்க அலைய வேண்டாம்ப்பா, அம்மா மட்டும் வரட்டும் என்பாய், டிக்கெட் போய்விடும் என்றும் பயந்தேன். கறுப்பும் நீலமும் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு பிள்ளை முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

மதினியும் உன் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார்கள். ஆனிக் கடைசியில் வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது, சொல்லிக்கொள்ளும்படி வலியே இல்லை, அரை மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள், ஒன்றரை வருடம் பயந்தது வீண். கேமராவுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று நாலு நாள் உன்னிடம் முகத்தைக் காட்டாமல் பேசினேனே, அது அப்போதுதான். தலையில் தண்ணீர் ஊற்றாததும் அதனால்தான். கட்டைப் பிரித்த மறுவாரம் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போய்ச் சூரியகாந்தி வயலைப் பார்த்துவிட்டு வந்தேன், மஞ்சள் என்றால் இதுதான் மஞ்சள், நான் இத்தனை நாள் பார்த்தது எல்லாவற்றிலும் பூசியிருந்த என் கண்ணின் மஞ்சள். இன்னும் இடது கண் பாக்கி. வலதை மூடி இடதால் பார்த்தால் உன் அம்மாவுக்கு ஐம்பது வயது, இடதை மூடி வலதால் பார்த்தால் அறுபத்திரண்டு. இதை அவளிடமே சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து பரீது பாய் கடைப் பெட்டியைத் திறந்தால் உன் போர்வைக் கரையின் மிச்சத் துணி கிடக்கிறது, கரிக்கட்டை நிறத்தில். அதைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். பரீது பாய் மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏட்டையா, சபரிமலை சீசன்ல சாமிமாருக்குச் சட்டை தைச்ச மிச்சம்லா இது. நேவி ப்ளூ நல்லா இருக்கேன்னு நீங்கதான் அள்ளுனிய. உங்ககிட்ட வந்து இது கறுப்புன்னு சொல்லுததுக்கு எனக்கு வேற சோலி இல்லையா?” என்றார். புளியறை செக்போஸ்ட்டில் பதினொரு வருடம் நின்று கறுப்பு வேட்டி கட்டிய சாமிமாரை வேன் வேனாகக் கணக்கெடுத்து அனுப்பியவன் நான், கையில் இருந்த துணியின் நிறம் தெரியவில்லை. திரும்பி வருகிற வழியில் ரெபேக்காள் டீச்சர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அவர் மகன் கல்யாணத்துக்கு வெள்ளையும் நீலமுமாகத் தைத்துக் கொடுத்தோம் என்று நான் பெருமையாக நினைத்திருந்த போர்வை கட்டிலில் கிடந்தது. அதில் வெள்ளை என்பது ஒரு துண்டுகூட இல்லை, எல்லாம் இளமஞ்சள், பார்க்க மஞ்சள்காமாலை வந்த மாதிரி இருந்தது. ரொம்ப வித்தியாசமா இருக்கு அண்ணாச்சி என்று சொல்லித்தான் அன்றைக்கு வாங்கிக்கொண்டார். அதற்கு அர்த்தம் இன்றைக்குத்தான் புரிகிறது.

எனக்கு மனசு தாங்காத இடம் இதுதான் பிரியா. பரீது பாய்க்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும், ஊசி கோத்து வைத்தவளுக்குத் தெரியும், கறுப்பு கூடாது என்று சட்டம் போட்டவளே என்னிடம் சொல்ல மனமில்லாமல் பார்சல் கட்டியிருக்கிறாள். உனக்கும் தெரியும். போர்வையைப் பிரித்ததும் உன் கை கரையில் வந்து அப்படியே நின்றது, அப்புறம்தான் சூப்பரா இருக்குப்பா என்று சொன்னாய் என்று உன் அம்மா சொல்கிறாள். அப்பா மனம் நோகக்கூடாது என்றுதான் சொல்லவில்லை, எனக்குப் புரியாமல் இல்லை. ஏட்டையா கோபக்காரர், எதிர்த்துப் பேசினால் வள்ளென்று விழுவார் என்று நானும் எல்லோரையும் பழக்கி வைத்திருக்கிறேன், அது என் தப்பு. ஆனால் உங்கள் எல்லோருடைய பிரியமும் மரியாதையும் ஒன்றாகச் சேர்ந்துதான் என் கண்ணைக் கெடுக்கப் பார்த்தது. கொஞ்சமும் மரியாதை பார்க்காமல் மேசையில் துணியைப் போட்டுக் கேட்ட உன் மாமியார்தான் காப்பாற்றினார். ஆடி முடிவதற்குள் பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிரணும், இல்லேன்னா நான் சொல்லிருவேன் என்று அவர் கெடு வைத்ததால்தான் இந்தக் காகிதமே. அவரிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன், கரையைப் பிரித்துவிட்டு வேறு வைத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். “பிரிக்காதிய அண்ணாச்சி. பிள்ளைக்குக் கண்ணு படக்கூடாதுன்னு கன்னத்துல மை வைக்கோம், இடுப்புல கறுப்புக் கயிறு கெட்டுதோம். தாத்தா சாண் அகலத்துக்குச் சுத்தி வச்சிட்டாருன்னு நெனச்சுக்கிடுதேன்” என்றார். உன் அம்மாவும் சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டாள். நீ மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் பிள்ளைக்கு அதையே போர்த்து.

இடது கண்ணுக்கு ஆவணி நாலாம் தேதி நாள் கொடுத்திருக்கிறார்கள். புரட்டாசியில் விமானம் ஏறுவதற்குள் ஆறிவிடும், மருந்தை மட்டும் நாலு வேளையும் விடாமல் ஊற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவர் எழுதிக் கொடுத்ததையும் இதோடு வைத்திருக்கிறேன், படித்துப் பார். டிக்கெட்டை மாற்றாதே அம்மா. பிள்ளையின் மூக்கு எந்தப் பக்கத்து மூக்கு என்று மதினியோடு சண்டை போட எனக்கு இரண்டு கண்ணும் வேண்டும், அதற்காகவே இந்தத் தடவை பயப்படாமல் போய்ப் படுப்பேன். பயப்படாமல் என்று எழுதிவிட்டேன், வாக்குமூலத்தில் பொய் இருக்கக்கூடாது, கொஞ்சம் பயப்படுவேன்.

உலகம்மன் அருளால் உனக்குச் சுகப்பிரசவமாகி, நீயும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மழையில் ஈரப் படிக்கட்டில் வேகமாக இறங்காதே, தனியாகக் கடைக்குப் போய்க் கனமாகத் தூக்காதே. ஒரே ஒரு காரியம் எனக்காகச் செய். இந்தக் காகிதம் கிடைத்ததும் எனக்குப் பதில் எழுது, அந்தக் கரை என்ன நிறம் என்று உன் கையால் ஒரே வார்த்தை எழுது, அது போதும். கறுப்பு என்று எழுதினால் சந்தோஷமாக வருவேன். நீலம் என்று எழுதினாலும் வருவேன், ஆனால் வந்த அன்றைக்கே உன்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவேன்.

இப்படிக்கு,
ஒரு கண்ணால் உன்னைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கும் உன் அப்பா,
இசக்கிதுரை